வளைவுக்கு முன் கிடந்த தழை

சோளக்காடு, கொல்லிமலை
9-2-2025

மாப்பிள்ளை குணசேகரனுக்கு,

சின்னுசாமி எழுதுவது. என் பெயரைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்காமல் போட்டுவிடுவீர்களோ என்று பின்பக்கம் பெயர் எழுதவில்லை. அது சரியா என்று தெரியவில்லை. விலாசம், உங்கள் மகள் சங்கீதா நான்கு வருடத்துக்கு முன் அனுப்பிய பொங்கல் வாழ்த்தில் இருந்தது.

அமெரிக்காவில் நீங்கள் இருக்கும் பீனிக்ஸ் நகரத்தில் டிரைவர் இல்லாத டாக்சிகள் ஓடுவதாகப் பேப்பரில் படித்தேன். மனிதர் ஓட்டுவதைவிட அதில் விபத்து குறைவு என்றும் போட்டிருந்தது. எனக்குச் சில சந்தேகங்கள். ஒன்று, எதிரே வருவது தெரியாத வளைவில் அது ஹாரன் அடிக்குமா? இரண்டு, மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிடுவது நம் மலைப் பழக்கம். அது அதற்குத் தெரியுமா? மூன்று, பனி மூடினால் என்ன செய்யும்? முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எண் போடாமல் கேட்க வரவில்லை. மன்னிக்கவும்.

இன்னொன்று. மகன் முரளிக்குப் பேளுக்குறிச்சியில் பெண் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் சத்யா. ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நீங்கள் ஒருவர்தான். ஆனால் உங்கள் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது, உங்களுக்குச் சொல்லி அனுப்பவும் கூடாது என்கிறான்.

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மூன்று தாள் கிழித்துவிட்டேன். நான்காவதையும் கிழித்தால் அனுப்பவே மாட்டேன் என்று இப்படியே அனுப்புகிறேன்.

சின்னுசாமி


பீனிக்ஸ்
2-3-2025

மச்சானுக்கு,

பின்பக்கம் பெயர் இல்லாவிட்டால் என்ன? முன்பக்கக் கையெழுத்தே போதுமே. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒவ்வொரு எழுத்தும் நிற்கிறது. வேறு யார் இப்படி எழுதுவார்கள்?

பத்து வருடம் கழித்து, கார் ஹாரன் அடிக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சங்கீதா ஓடிவந்து என்னப்பா என்றாள். “உங்க மாமா பரீட்சை வெச்சிருக்காரு, மூணு கேள்வி” என்றேன்.

விடை எழுதுகிறேன், மார்க் போடுங்கள். இந்த ஊரில் யாருமே ஹாரன் அடிப்பதில்லை. ரோடெல்லாம் நேர்கோடு, நம் வளைவு மாதிரி ஒன்றைக் காட்டினால் ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். பனி கிடையாது, பாலைவனம். உங்கள் மூன்றாம் கேள்வி பாடத்திட்டத்திலேயே இல்லை.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் தடவை அதில் ஏறினேன். முன்னால் ஆளில்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது, பேய் பிடித்துச் சுற்றுகிற மாதிரி. ஒரு திருப்பத்தில் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். நான் பார்ப்பதற்கு முன்பே கார் நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரிடம் சொட்டு மருந்து என்று பொய் சொன்னேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். கோர்ட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு அது ஒரே வரியாகிவிட்டது. அக்காவைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு காரில் இறங்கினேன், அறுபத்து நான்காவது வளைவு திரும்பியதும் பழுதாகி நின்ற குச்சிக்கிழங்கு லாரியின் பின்னால் மோதினேன், எனக்கு ஒரு விலா எலும்பு போனது, அக்கா போய்விட்டாள். அன்று அந்த மெஷின் ஓட்டியிருந்தால் மகன் கல்யாணத்துக்கு அக்கா இன்றைக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருப்பாள். அன்றிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மகள் ஓட்டினால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பத்திரிகையில் பெயர் வரவில்லை என்பது எனக்குப் புதிதல்ல. பிணத்துக்குத் தோள் கொடுக்க வந்தபோது, “எங்கம்மாவக் கொன்னுபோட்டு, தூக்கறதுக்கும் வந்துட்டீங்களா?” என்று ஊர் நடுவில் கேட்டான். இருபத்திரண்டு வயது, அம்மா போன பிள்ளை, கேட்கட்டும். நீங்கள் அவன் பக்கத்தில் நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை. “விடு கண்ணு” என்றாவது ஒரு வார்த்தை. அதைத்தான் பத்து வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

குணசேகரன்


சோளக்காடு
26-3-2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் இன்னும் அதிக முறை. அதற்குப் பதில் எழுத முயன்றேன். முடியவில்லை. முதலில் முடிந்ததை எழுதுகிறேன்.

மெஷின் பற்றிய விபத்துப் புள்ளிவிவரம் யார் எடுத்தது? பரீட்சை எழுதியவரே தாளைத் திருத்தியதாகத் தோன்றுகிறது. நேரான ரோடு, வெயில் ஊர், அங்கே ஓடிய மைல்களை வைத்து, மழையிலும் மலையிலும் ஓட்டுகிற எல்லா மனிதரோடும் ஒப்பிட்டால் அது சரியான ஒப்பீடா? மனிதர் பக்கத்தில் குடித்தவர், தூங்கியவர், போன் பேசியவர் எல்லோரும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களை நீக்கிவிட்டுப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். நீக்கக் கூடாது. ரோட்டில் அவர்களும்தான் ஓட்டுகிறார்கள். ஆகவே மெஷின் நல்லதாகவே இருக்கலாம். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில்கூட விடை சொல்லிவிட்டு, புத்தகத்தின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

முரளி இப்போது பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். குண்டூர் நாட்டுப் பக்கமிருந்து மிளகும் அன்னாசியும் ஏற்றிக் கீழே இறக்குகிறான். இப்படி ஒரு கார் இருக்கிறதாமே என்று சாப்பிடும்போது கேட்டேன்.

“அதை இங்க கொண்டாந்து வுடுங்கப்பா. நாலாவது வளைவுல நின்னுக்கிட்டு, அம்மா ஊட்டுக்குப் போறேன்னு அழுகும்” என்றான்.

சிரித்தான். மாதக்கணக்கில் அவன் சிரித்துப் பார்க்கவில்லை. அந்தத் தைரியத்தில், “மாமா அதுல போனாராம்” என்று சொல்லிவிட்டேன்.

“எந்த மாமா?”

தட்டில் கையைக் கழுவினான்.

“அந்தாளு பேரு இந்த ஊட்டுல கேட்டுச்சுன்னா தாலி கட்டறதுக்குக்கூட உங்களைக் கூப்புட மாட்டனுங்க.”

சொன்னால் செய்பவன். அந்தப் பிடிவாதம் அவன் அம்மா பாவாயியிடமிருந்து வந்தது. எனக்கு இருப்பது அவன் ஒருவன். இதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

வாயைத் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. அது நல்ல காரணம் அல்ல.

சின்னுசாமி


பீனிக்ஸ்
21-4-2025

மச்சானுக்கு,

நல்ல காரணம் அல்ல என்று எழுதிவிட்டு, காரணத்தை எழுதாமல் கையெழுத்துப் போடுவது உங்களுக்கு மட்டும்தான் வரும். போகட்டும். உங்களுக்குப் பயம் கூடப்பிறந்தது. அக்காவே சொல்லுவாள், “எங்கூட்டுக்காரரு பஸ்ஸுல சீட்டு காலியா இருந்தாலும், உக்காரட்டுங்களான்னு கண்டக்டரைக் கேட்டுட்டுத்தான் உக்காருவாரு.”

உங்கள் புள்ளிவிவரச் சந்தேகத்தைப் பக்கத்து வீட்டில் இருக்கும் என்ஜினியரிடம் கேட்டேன். அந்த மாதிரிக் கார்களில் வேலை பார்க்கிறவர், ஆந்திராக்காரர். நீங்கள் சொன்னதில் பாதி சரி என்றார். மீதிப் பாதியைச் சொல்லவில்லை, சம்பளம் கொடுக்கிற இடம் அல்லவா.

நான் ஒன்று கேட்டேன். எங்கள் மலையில் வண்டி பழுதாகி நின்றால், வளைவுக்கு முன்னால் தழையை வெட்டிப் போட்டு மேலே கல் வைப்பார்கள். பார்க்கிறவன், அடுத்து ஏதோ நிற்கிறது என்று மெதுவாக வருவான். உங்கள் காருக்கு அது புரியுமா என்றேன். தழையை ஒரு தடையாகப் பார்க்கும், நிற்கும் அல்லது விலகிப் போகும், ஆனால் வளைவுக்கு அப்பால் லாரி நிற்கிறது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால்தான் புரியும் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தை அது எடுக்காதாம். அப்படிப் போகிற வண்டிக்குத் தழை எதற்கு?

அந்த லாரிக்காரன் ஞாபகம் வந்தான். அப்பாசாமி. “முந்தின நாளு சாயங்காலமே தழை போட்டனுங்க, மூணு கல்லு வெச்சனுங்க” என்று கோர்ட்டில் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு இலைகூடக் கிடக்கவில்லை என்று நான் சாட்சி சொன்னேன். போலீஸும் அதையே சொன்னது. எனக்கு அபராதம், அவனுக்கும் தண்டனை, லாரி முதலாளி அவனை அன்றே நிறுத்திவிட்டார். ஒருவன் வாய்கூசாமல் இப்படிப் பொய் சொல்வானா என்று அப்போது ஆத்திரமாக வந்தது. இப்போது அதுவும் இல்லை. உட்கார்ந்தே களைத்துப்போகிற வயது.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உங்கள் மகனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

குணசேகரன்


சோளக்காடு
18-5-2025

மாப்பிள்ளைக்கு,

இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று.

அப்பாசாமி பொய் சொல்லவில்லை. தழையை எடுத்தவன் நான்.

வரிசையாகச் சொல்கிறேன். அப்போது சர்க்கரைக்காகக் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அறுபத்து நான்காம் வளைவின் எண் பலகை என் எல்லை. அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். தொடாமல் திரும்பியதும் இல்லை, தாண்டிப் போனதும் இல்லை. லாரிக்காரர்கள் தழையும் கல்லும் போடுவார்கள், பழுது சரியானதும் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடந்த கல்லில் ஏறி ஒரு பால்காரர் விழுந்து கால் முறிந்தார். அதிலிருந்து நடக்கும்போது அவற்றை எடுத்து அப்புறப்படுத்துவேன். மூன்று வருடமாகச் செய்தேன். யாரிடமும் சொன்னதில்லை. பெருமைக்குச் செய்வதாக நினைப்பார்களோ என்று கூச்சம்.

அன்று காலை ஆறேகால் மணி. நல்ல பனி. பலகைக்குப் பத்தடி முன்னால் ரோட்டில் சில்வர் ஓக் கொப்பு இரண்டு, அதன்மேல் மூன்று கல். இலைகளைப் பார்த்தேன். வாடிச் சுருண்டிருந்தன. நேற்று வெட்டியது என்று முடிவு செய்தேன். அது சரி. நேற்று நின்ற லாரி போயிருக்கும் என்றும் முடிவு செய்தேன். அது தவறு. ராத்திரி முழுக்க அது அங்கேதான் நின்றிருக்கிறது. வளைவைத் திரும்பிப் பார்க்க முப்பது அடி நடந்திருந்தால் போதும். அது என் எல்லைக்கு அப்பால் இருந்தது. கொப்புகளைப் பள்ளத்தில் எறிந்தேன். கற்களைச் சுவரோரம் வைத்தேன். பலகையைத் தொட்டேன். திரும்பினேன்.

மேலே வரும்போது நீங்கள் இருவரும் காரில் என் எதிரே வந்தீர்கள். பாவாயி கண்ணாடியை இறக்கினாள். “இட்லி மூடி வெச்சிருக்கறனுங்க. ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க” என்றாள். நான் தலையை ஆட்டினேன். நிறுத்தி இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பிறகு மோதிய அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எங்கேயோ டயர் வெடித்தது என்று நினைத்து நடந்தேன்.

முரளி உங்களைக் கேட்டபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது இதுதான். திறந்தால் “நான்” என்றுதான் வந்திருக்கும். போலீஸ் வந்தபோதும் சொல்லவில்லை. அப்பாசாமி கும்பிட்டபோது கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அதன் பிறகு நடப்பதை நிறுத்திவிட்டேன். சர்க்கரை ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன்.

மெஷின் நல்லதா மனிதன் நல்லவனா என்று உங்களிடம் கேட்டேன். எல்லோரும் ஓட்டுகிறவரைப் பற்றித்தான் எண்ணுகிறார்கள். ரோட்டோரம் நடந்துபோகும் நல்லவனை எந்தப் பக்கத்தில் எண்ணுவது? நான் அன்று வண்டியே ஓட்டவில்லை.

இதை நீங்கள் முரளிக்கு எழுதலாம். தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சின்னுசாமி


பீனிக்ஸ்
9-6-2025

மச்சானுக்கு,

படித்துவிட்டு நான்கு நாள் கடிதத்தை மேஜைக்குள் போட்டுப் பூட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் கோபம் வந்தது. உங்களை என்னென்னவோ திட்டினேன். அதையெல்லாம் எழுதினால் உறை தாங்காது. பத்து வருடம். ஒரு மனிதன் தன் கையைப் பார்த்தாலே கூசிப்போய் உட்கார்ந்திருந்தான், நீங்கள் அங்கே எண் போட்டு யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு வாரம் கழித்து வேறொன்று வந்தது. அதை எழுதாவிட்டால் நானும் உங்கள் கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

அன்று அந்தப் பனியில் நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினேன். உங்களைத் தாண்டியதும் அக்கா, “மெல்லப் போ கண்ணு, ஒண்ணும் தெரியல” என்றாள். “ஏறி வந்தவனுக்கு எறங்கத் தெரியாதா? நீ சந்தைல வாங்கறத நெனச்சுக்கிட்டு வா” என்றேன். சிரித்தாள். வளைவில் ஹாரன் அடித்தேனா என்று ஞாபகம் இல்லை. கோர்ட்டில் இருபது என்றேன், அடித்தேன் என்றேன். தழை இருந்திருந்தால் நின்றிருப்பேனா? பத்து முறை யோசித்தால் ஏழு முறை நின்றிருப்பேன் என்று தோன்றுகிறது. மூன்று முறை ஏறி மிதித்துக்கொண்டு போகிறேன்.

இங்கே அந்தக் கார்கள் எங்காவது இடித்தால், அது என்ன பார்த்தது, எந்த வேகத்தில் போனது என்று உள்ளேயே பதிந்திருக்குமாம். நம்மிடம் என்ன இருந்தது? நான் சொன்னது இருந்தது, நீங்கள் சொல்லாதது இருந்தது. நடுவில் உண்மை சொன்னவன் ஒருத்தன், அவன் வேலை போனது.

முரளியிடம் சொல்லாதீர்கள். யோசித்துத்தான் எழுதுகிறேன். அவனுக்கு ஒரு ஆளை வெறுத்துப் பழகிவிட்டது, எனக்கும் அந்த ஆளாக இருந்து பழகிவிட்டது. கல்யாண சமயத்தில் அவனிடமிருந்து அப்பனையும் பிடுங்காதீர்கள். நான் எழுதவும் மாட்டேன்.

அப்பாசாமியிடம் மட்டும் போங்கள். பேளுக்குறிச்சிச் சந்தையில் பூண்டு மூட்டை தூக்குவதாக எப்போதோ கேள்வி. என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குணசேகரன்


சோளக்காடு
13-7-2025

மாப்பிள்ளைக்கு,

சந்தை நாளன்று பஸ்ஸில் போனேன். பூண்டுக் கடையில் அப்பாசாமி மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து எழுந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உங்களுக்கு எழுதிய வரிசையிலேயே சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் போட்டதுதானுங்களா சார்?” என்றார்.

“போட்டீங்க. சில்வர் ஓக். ரெண்டு கொப்பு, மூணு கல்லு.”

“எல்லாரும் பொய்யி பொய்யின்னு சொன்னாங்கல்லீங்க, எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். போட்டமா, போட்டதா நெனச்சுட்டுப் படுத்துட்டமான்னு. எம் பொண்டாட்டி பெருமாயி சாகற வரைக்கும் கேட்டா, நெசமாலுமே போட்டியான்னு. தெரியலியேன்னுதான் சொன்னேன்.”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. “பஸ்ஸு வந்துருமுங்க, போங்க” என்றார். நடந்து நாலு கடை தாண்டிவிட்டேன். அதற்குள் பக்கத்துக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்வது கேட்டது: “யோவ், நான் போட்டனாம்யா!”

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முரளியிடம் சொன்னேன். அப்பாசாமிக்கு அந்த ஒரு பதில் கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. முரளி ஒரு தவறான ஆளை வெறுத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இது தைரியம் அல்ல. களைப்பு என்றுதான் நினைக்கிறேன்.

வாசலில் பிக்கப்புக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. பிறகு கேட்டான்.

“அன்னைக்கு மாமாவை நான் பேசறப்ப, நீங்க எம் பக்கத்துலதான நின்னீங்க?”

“ஆமாம்ப்பா.”

“நின்னீங்கல்ல?”

“நின்னேன்.”

டயரை மாட்டி முடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அது நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. வருகிறான், குளிக்கிறான், போகிறான். சாப்பாடு கீழே சத்யா வீட்டிலோ கடையிலோ என்று நினைக்கிறேன். நான் சமைத்து மூடி வைக்கிறேன். மறுநாள் காலையில் எடுத்துக் கொட்டுகிறேன்.

நேற்றுக் காலை கதவருகில் நின்று, என்னைப் பார்க்காமல் பேசினான்.

“மாமா வர்ற பிளைட்டு எங்க எறங்குது, எப்பன்னு கேளுங்க. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்.”

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம்.”

சரி என்றேன்.

ஆகவே எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதைத் தனித் தாளில் தெளிவாக எழுதுங்கள். அந்தத் தாளை மட்டும் எடுத்து அவன் வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.

சின்னுசாமி